பணயம் யாருடையது?

திருச்சிராப்பள்ளியில் காஜாமலைப் பக்கம் ‘ரேஸ் கோர்ஸ் சாலை’ என்றொரு சாலை உண்டு. அண்ணா விளையாட்டரங்கிற்குச் செல்வோர் அதன் வழியே செல்கின்றனர். இன்று அங்கே குதிரைகள் ஓடுவதில்லை. மாணவ மாணவியரே ஓடுகின்றனர். குதிரைகள் போய்விட்டாலும் பெயர் நின்றுவிட்டது. பந்தயம் என்னும் ஆசையும் அப்படித்தான். திடல் மறைந்தாலும் அது மனிதரை விட்டுப் போவதில்லை.

குதிரைப் பந்தயத்தில் பழகியவர்கள் புதியவர்களுக்குச் சொல்லும் அறிவுரைகள் இரண்டு. ஒன்று பொறுமை: எல்லா ஓட்டத்திலும் பணம் கட்டாதே, உனக்குத் தெரிந்த குதிரை, தெரிந்த தூரம், தெரிந்த களம் வரும்வரை காத்திரு, இழந்ததை உடனே மீட்க எண்ணித் தொகையை இரட்டிப்பாக்காதே. மற்றொன்று நெகிழ்வு: காலையில் செய்த முடிவையே மாலைவரை பிடித்துக்கொண்டிராதே, மழை பெய்து தரை இளகிவிட்டால், ஜாக்கி மாறிவிட்டால், குதிரை மிரண்டு வியர்த்து நின்றால், உன் எண்ணத்தை மாற்றிக்கொள்.

இவை மூடரின் சொற்கள் அல்ல. வாழ்க்கைக்கே பொருந்தும் அறிவுரைகள். திருவள்ளுவர் ‘காலம் அறிதல்’ என்று ஓர் அதிகாரமும் ‘இடன் அறிதல்’ என்று ஓர் அதிகாரமும் வகுத்து, காத்திருத்தலின் வலிமையையும் களத்திற்கேற்ப நடத்தலின் வலிமையையும் விரிவாகப் பேசினார். ஆனால் அதே பொருட்பாலில் ‘சூது’ என்று தனி அதிகாரம் ஒன்றையும் வைத்து, அதை விலக்க வேண்டியவற்றுள் சேர்த்தார். காலமும் இடமும் அறிந்து ஆடினால் சூது நன்மையாகும் என்று அவர் சொல்லவில்லை. அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீன் மொழியில் பெயர்த்த நம் வீரமாமுனிவரின் கைவழியாக, அந்தப் பத்துக் குறட்பாக்களும் ஐரோப்பிய மொழிக்குள் சென்றன.

அப்படியானால் பொறுமையும் நெகிழ்வும் உடையவன் சூதில் எங்கே தவறுகிறான்? இக்கேள்விக்கு விடைதேட நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் நடுவே கிடக்கும் திருவரங்கத் தீவிலேயே, 270 ஆண்டுகளுக்கு முன்பு மாபெரும் பந்தயம் ஒன்று ஆடப்பட்டது. அதில் தோற்ற படைத்தலைவர், ஐரோப்பாவையே கலக்கிய ஒரு சூதாடியின் தம்பி மகன்.

சூதாடியின் குடும்பம்

1671-இல் எடின்பரோவில் ஒரு பொற்கொல்லர்-வட்டிக்கடைக்காரரின் மகனாகப் பிறந்தவர் ஜான் லா. கணக்கில் கூர்மையானவர். 1694-இல் இலண்டனில் ஒருவரை வாட்போரில் கொன்று, தண்டனைக்குத் தப்பி ஐரோப்பாவெங்கும் சுற்றினார். சூதாட்ட மேசைகளில் பிறர் குருட்டு நம்பிக்கையோடு ஆட, இவர் ஒவ்வொரு சீட்டிற்கும் உரிய வாய்ப்பை எண்ணிக் கணக்கிட்டு ஆடினார். வாய்ப்பு இருக்குமிடத்தில் அமர்ந்தார், பொறுத்தார், செல்வரானார்.

மன்னர் பதினான்காம் லூயியின் போர்களால் கடனில் மூழ்கியிருந்த பிரான்சு, இந்தக் கணக்கரிடம் தன் கருவூலத்தையே ஒப்படைத்தது. 1716-இல் அவர் வங்கி நிறுவினார். 1717-இல் மிசிசிப்பி நிலங்களுக்கான வாணிகக் கழகத்தைத் தொடங்கினார். 1719-இல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கழகத்தையும் அதனோடு இணைத்தார். அதே ஆண்டில் கத்தோலிக்க மறையைத் தழுவினார்; பிரான்சின் நிதிப் பொறுப்பை ஏற்க அது தேவைப்பட்டது. 500 லிவர் மதிப்புள்ள பங்குகள் அவ்வாண்டின் முடிவில் ஏறத்தாழ 10,000 லிவருக்கு விலைபோயின. 1720-இல் அனைத்தும் சரிந்தன. பாடுபட்டுச் சேர்த்ததைக் காகிதமாக மாற்றியிருந்த குடும்பங்கள் வெறுங்கையோடு நின்றன. அவ்வாண்டின் இறுதியில் நாட்டைவிட்டு ஓடிய ஜான் லா 1729-இல் வெனிசு நகரில் இறந்தார்.

தம் பணத்தை வைத்து ஆடியபோது பொறுமை காத்த அந்த மனிதர், பிறர் பணத்தை வைத்து ஆடியபோது அளவை இழந்தார். இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்வோம்.

அவர் இணைத்து உருவாக்கிய கழகம் மட்டும் அழியவில்லை. புதுச்சேரியிலிருந்து ஆண்டதும், ஆளுநர் துய்ப்ளேக்சை அமர்த்தியதும், திருச்சிராப்பள்ளிக்குப் படை அனுப்பியதும் அந்தக் கழகமே. 1752-இல் அப்படையின் தலைவராகத் திருவரங்கத்தில் நின்ற ழாக் லா, ஜான் லாவின் தம்பி வில்லியத்தின் மகன்.

தீவில் சிக்கிய பொறுமை

1749-இல் ஆம்பூர்ப் போரில் ஆர்க்காட்டு நவாபு அன்வருத்தீன் மாண்டார். அவர் மகன் முகமது அலி திருச்சிக் கோட்டைக்குள் புகலிடம் தேடினார். ஆங்கிலேயர் அவர் பக்கம் நின்றனர். எதிரே நவாபு பட்டத்தைக் கோரியவர் சந்தா சாகிப். வீரமாமுனிவரின் வாழ்க்கைக் கதையைக் கேட்ட நம் வாசகர்களுக்கு இப்பெயர் புதிதல்ல. அவருக்குப் பிரெஞ்சுக்காரர் துணைநின்றனர். 1751-இல் சந்தா சாகிப்பின் படையும் பிரெஞ்சுப் படையும் திருச்சியை முற்றுகையிட்டன. மலைக்கோட்டை வீழ்ந்தால் தென்னாடு முழுவதும் தங்கள் கையில் என்பது துய்ப்ளேக்சின் கணக்கு.

முற்றுகை என்பது பொறுமையின் விளையாட்டு. உள்ளே இருப்பவன் பட்டினியால் பணியும்வரை வெளியே இருப்பவன் காத்திருக்க வேண்டும். பிரெஞ்சுத் தரப்பு காத்திருந்தது. ஆங்கிலேயரோ அதே களத்தில் மோதாமல் களத்தையே மாற்றினர். 1751-ஆம் ஆண்டு ஆகஸ்டில் சென்னையிலிருந்து 200 ஐரோப்பியரும் 300 சிப்பாய்களும் கொண்ட சிறு படையோடு புறப்பட்ட ராபர்ட் கிளைவ், காவல் குறைந்திருந்த ஆர்க்காட்டைப் பிடித்தார். தலைநகரை மீட்கச் சந்தா சாகிப் தம் படையின் ஒரு பகுதியைப் பிரித்து அனுப்ப நேர்ந்தது. ஏறத்தாழ 50 நாள் முற்றுகையைக் கிளைவ் ஆர்க்காட்டில் தாங்கிக்கொண்டார். நெகிழ்வு ஒரு கையிலும் பொறுமை மறு கையிலும் இருந்தன.

1752 மார்ச்சு இறுதியில் மேஜர் லாரன்சும் கிளைவும் உதவிப் படையோடு திருச்சிக்கு வந்து சேர்ந்தனர். அப்போது ழாக் லா எடுத்த முடிவுதான் ஆட்டத்தை முடித்தது. ஏப்ரல் தொடக்கத்தில் அவர் காவிரியைக் கடந்து திருவரங்கத் தீவிற்குள் பின்வாங்கினார். கொண்டுசெல்ல இயலாத உணவுப் பொருள்களைத் தீக்கிரையாக்கினர். அரங்கநாதர் கோயிலின் மதில்களும் திருவானைக்காவின் மதில்களும் படைவீடுகளாயின. தீவு பாதுகாப்பானது, இருபுறமும் ஆறு, புதுச்சேரியிலிருந்து துணைப்படை வரும்வரை காத்திருப்போம் என்பது அவர் எண்ணம்.

அந்தத் தருணத்தில் வடக்கே வழி திறந்திருந்தது. கொள்ளிடத்தைக் கடந்து போய்விட முடியும். ஆனால் அவர் காத்திருந்தார். கிளைவ் ஆற்றைக் கடந்து சமயபுரம் வட்டாரத்தில் பாடியிறங்கினார். வடக்கு வழி அடைபட்டது. பிச்சாண்டார்கோயிலிலிருந்த பிரெஞ்சுக் காவல் வீழ்ந்தது, ஆற்றுத்துறை போயிற்று. தஞ்சைப் படையும் மைசூர்ப் படையும் மராட்டியக் குதிரைப்படையும் பிற திசைகளை மறித்தன. உதவிக்கு வந்த பிரெஞ்சுத் தளபதி தோத்தெய் வழியிலேயே சரணடைந்தார். உணவின்றிச் சந்தா சாகிப்பின் வீரர்கள் கூட்டங்கூட்டமாகக் கலைந்தனர். ஒவ்வொரு நாளும் ஒரு கதவு மூடியது.

1752 ஜூனில் ழாக் லா படையோடு சரணடைந்தார். தஞ்சைத் தளபதி மானோஜியின் உறுதிமொழியை நம்பி அவரிடம் அடைக்கலம் புகுந்த சந்தா சாகிப் தலை வெட்டப்பட்டார்.

லாவிடம் பொறுமை இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. அவரிடம் இருந்தது பொறுமையே. ஆனால் வழி திறந்திருக்கும்போது மாறாமல், மூடிய பின் மாற நினைப்பது நெகிழ்வு ஆகாது. பந்தயத் திடலில் பணத்தை இழந்தவன் ‘கடைசி ஓட்டத்தில் மீட்டுவிடலாம்’ என்று அமர்ந்திருக்கும்போது, அவனும் ஆறு சூழ்ந்த தீவில்தான் அமர்ந்திருக்கிறான். எழுந்து செல்வதற்குரிய வேளையை அவன் கடந்துவிட்டான். பந்தயக்காரன் கற்கவேண்டிய நெகிழ்வுகளில் கடினமானது குதிரையை மாற்றுவதன்று, வாயிலை நோக்கித் திரும்புவது.

வென்றவர் எதை வைத்து வென்றார்?

கதை இத்துடன் முடிந்தால் ‘பொறுமையும் நெகிழ்வும் உள்ளவன் வெல்வான்’ என்ற பாடத்தோடு நாம் எழுந்துவிடலாம். ஆனால் வென்றவர்களின் கதை அதற்கு இடந்தரவில்லை.

மைசூர்ப் படை திருச்சிக்குச் சும்மா வரவில்லை. துணைக்கு வந்தால் திருச்சியையே தருவதாக முகமது அலி மைசூர்த் தளவாய் நஞ்சராசருக்கு வாக்களித்திருந்தார். வெற்றி வந்தபின் வாக்கு காற்றில் போயிற்று. சினம்கொண்ட மைசூர், பிரெஞ்சுக்காரரோடு சேர்ந்தது. மீண்டும் முற்றுகை, மீண்டும் போர். 1753-இல் பொன்மலையடியில் குருதி சிந்தியது. 1754 இறுதியில்தான் போர் ஓய்வுக்கு இரு கழகங்களும் இசைந்தன. அதற்குள் துய்ப்ளேக்சு திருப்பி அழைக்கப்பட்டார். தம் சொந்தப் பணத்தையும் இப்போர்களில் இறைத்த அவர், கழகத்திடம் கோரிய பெருந்தொகையைப் பெறாமலே 1763-இல் வறுமையில் இறந்தார்.

இந்த ஆட்டத்தில் பணயமாக வைக்கப்பட்டது எது? திருச்சி நகரமும், அதன் மக்களும், காவிரிக் கரையின் வயல்களும், திருவரங்கத்து வீதிகளும். பணயம் வைத்தவர்கள் யார்? ஒரு நவாபு, பட்டம் கோரிய மற்றொருவர், கடலுக்கு அப்பாலிருந்து வந்த இரண்டு வாணிகக் கழகங்கள். நாற்று நடுபவரிடமோ, நெசவாளரிடமோ, கோயில் வாசலில் பூ விற்றவரிடமோ யாரும் ஒப்புதல் கேட்கவில்லை. தோற்றவர் கெட்டிருக்கலாம், வென்றவர் திறமைசாலியாக இருக்கலாம்; ஆனால் இருவரும் மேசையில் வைத்தது தங்களுடையது அன்று.

மகாபாரதத்தில் தருமன் தம்பியரையும் துரோபதையையும் பணயம் வைத்த காட்சி நம் தெருக்கூத்துகளில் இன்றும் மக்களைக் கலங்க வைக்கிறது. தருமன் ஆடத் தெரியாதவன் என்பதால் அல்ல. வைக்கக் கூடாததை வைத்தான் என்பதால்.

கிண்டியின் வழக்கு

இப்போது குதிரைகளிடம் திரும்புவோம். சென்னைக் கிண்டியில் 1777-ஆம் ஆண்டிலிருந்தே குதிரைப் பந்தயம் நடந்ததாகக் குறிக்கப்படுகிறது. 1896-இல் சென்னைக் குதிரைப் பந்தயக் கழகம் அமைந்தது. விடுதலைக்குப் பின் தமிழ்நாட்டு அரசு 1974-இல் பந்தயத்தையும் அதன்மேல் பணம் கட்டுவதையும் ஒழிக்கச் சட்டம் இயற்றியது. 1986-இல் கழகத்தையே அரசுடைமையாக்க மற்றொரு சட்டம் வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்று பல ஆண்டுகள் நீண்டது.

1996 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குதிரையின் பிறப்பு, பயிற்சி, முந்தைய ஓட்டங்கள், சுமக்கும் எடை, ஜாக்கியின் ஆற்றல் ஆகியவற்றை ஆராய்ந்து கணிக்க முடிவதால், குதிரைப் பந்தயத்தில் வெற்றி பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது; ஆகவே அது சட்டத்தின் பொருளில் சூதாட்டம் ஆகாது என்று நீதிபதிகள் முடிவு செய்தனர். 1986-ஆம் ஆண்டுச் சட்டமும் செல்லாதெனத் தள்ளப்பட்டது. பின்னர் 2024 செப்டம்பரில், 160 ஏக்கருக்கும் மேற்பட்ட கிண்டி நிலத்தின் குத்தகையை வாடகை நிலுவையைக் காட்டி அரசு ரத்து செய்தது. அது வேறு வழக்கு.

திறமை உண்டு என்ற தீர்ப்பை நாம் மறுக்கவில்லை. ஆனால் அத்திறமை எந்த ஏற்பாட்டிற்குள் இயங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 1860-களில் பாரிசு நகரில் ஜோசப் ஒல்லெர் என்பவர் புகுத்திய முறையே இன்றும் பந்தயத் திடல்களின் பொதுத்தொகை முறைக்கு வித்து. கட்டப்படும் பணமெல்லாம் ஓரிடத்தில் சேர்கிறது. அதிலிருந்து கழகத்தின் பங்கும் வரியும் முதலில் கழிக்கப்படுகின்றன. எஞ்சியது மட்டுமே வென்றவர்களுக்குப் பகிரப்படுகிறது. ஆகவே பந்தயக்காரன் குதிரைகளை எதிர்த்தும் ஆடவில்லை, கழகத்தை எதிர்த்தும் ஆடவில்லை. பக்கத்தில் நிற்கும் தன்னைப் போன்றவனை எதிர்த்தே ஆடுகிறான்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். திடலில் உள்ள எல்லோரிடமும் சேர்த்து 100 ரூபாய் இருப்பதாகவும், ஒவ்வொரு ஓட்டத்திலும் 25 விழுக்காடு கழிவதாகவும் கொள்வோம். வந்த பணம் முழுவதையும் அவர்கள் மீண்டும் மீண்டும் கட்டினால் முதல் ஓட்டத்திற்குப் பின் மிஞ்சுவது 75. இரண்டாவதற்குப் பின் 56. மூன்றாவதற்குப் பின் 42. நான்காவதற்குப் பின் 32. ஐந்தாவதற்குப் பின் 24. யார் வென்றாலும் யார் தோற்றாலும் இந்தத் தேய்வு மாறாது. நடைமுறையிலோ, கட்டும் தொகை முழுவதன்மேலும் 2023 அக்டோபர் முதல் 28 விழுக்காடும், 2025 செப்டம்பர் 22 முதல் 40 விழுக்காடும் சரக்கு மற்றும் சேவை வரி விதிக்கப்பட்டது.

இங்கேதான் பொறுமையின் முகம் மாறுகிறது. விதைத்தவன் பொறுத்தால் பயிர் வளரும். நோயாளி பொறுத்தால் உடல் தேறும். பந்தயத் திடலில் மட்டும், நெடுநாள் தங்கியிருப்பவனின் பணம் தங்கியிருக்குந்தோறும் தேய்கிறது. வெகுசிலரின் திறமை இத்தேய்வை வென்றிருக்கலாம். அவர்கள் பெற்றதும் பலரின் இழப்பிலிருந்தே வந்தது. மற்றவர்களுக்கு, பொறுமை என்ற அறிவுரையை முடிவுவரை பின்பற்றினால் அது பந்தயமே கட்டாமையில் போய் நிற்கும்.

வீட்டின் கேள்வி

திறமையா, அதிர்ஷ்டமா என்பது நீதிமன்றத்தின் கேள்வி. பணயம் யாருடையது என்பது வீட்டின் கேள்வி.

திருச்சபை இதில் மிகைப்படுத்திப் பேசவில்லை. 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், பந்தயமும் சூது விளையாட்டும் தம்மளவில் நீதிக்கு முரணானவை அல்ல என்கிறது. ஒருவர் தம் தேவைக்கும் பிறர் தேவைக்கும் இன்றியமையாததை அவை பறிக்கும்போது ஒழுக்கமுறையில் ஏற்க இயலாதவை ஆகின்றன என்கிறது. அதாவது, கையாளும் முறையைப் பற்றி அல்ல, வைக்கப்படும் பொருளைப் பற்றியே திருச்சபை முதலில் கேட்கிறது.

குடும்பத் தலைவர் கையிலுள்ள ஊதியம் அவர் பெயரில் வந்ததுதான். ஆனால் அதற்குள் பிள்ளையின் பள்ளிக் கட்டணம் இருக்கிறது. முதிய தாயின் மருந்து இருக்கிறது. மளிகைக் கடைப் பாக்கி இருக்கிறது. அதை எடுத்துச் சென்று பணயம் வைப்பவர், தம் பணத்தை அன்று, பிறர் பணத்தை வைத்து ஆடுகிறார். பொறுமையாக ஆடினாலும் அப்படித்தான். வென்று திரும்பினாலும் அப்படித்தான். உண்மையில் பொறுமை காப்பவர் யார்? விளக்கை ஏற்றிவைத்து வாயிலைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனைவி. நெகிழ்ந்து வளைந்து கொடுப்பவர் யார்? இந்த மாதம் புத்தகம் வேண்டாம் என்று தானே சொல்லிவிடும் பிள்ளை. பந்தயக்காரருக்குச் சொல்லப்பட்ட இரண்டு நற்பண்புகளையும் அவர் வீட்டார் சுமக்கின்றனர்.

இன்று திடலுக்குச் செல்லவும் தேவையில்லாமல் கைப்பேசியே திடலாகியிருக்கிறது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்ய 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. சட்டம் தன் கடமையைச் செய்யட்டும். ஆனால் 1974-க்குப் பின் நடந்தவை காட்டுவதுபோல், சட்டத்தின் பாதை நீளமானது. வீட்டிற்குள் எழவேண்டிய கேள்வி அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.

யோவான் நற்செய்தியில் ஒரு காட்சி உண்டு. சிலுவையின் அடியில் படைவீரர் இயேசுவின் ஆடைகளை நான்கு பங்காகப் பிரித்துக்கொள்கின்றனர். உள்ளங்கியோ தையலின்றி மேலிருந்து அடிவரை ஒன்றாக நெய்யப்பட்டது. அதைக் கிழித்தால் யாருக்கும் பயன்படாது என்று உணர்ந்து, சீட்டுப் போட்டு ஒருவர் எடுத்துக்கொள்ள இசைகின்றனர். எவ்வளவு நிதானம்! எவ்வளவு விட்டுக்கொடுத்தல்! அவர்களுக்குள் பூசல் இல்லை; ஏமாற்று இல்லை; விதி மீறல் இல்லை. ஒழுங்காகவே ஆடினர். ஆனால் அந்த அங்கி அவர்களுடையது அன்று. அதற்கு உரியவர் தலைக்குமேல் தொங்கிக்கொண்டிருந்தார். அவர்கள் நிமிர்ந்து பார்க்கவில்லை.